அந்தப் படத்தில் சீசர் சிரிக்கவில்லை

தம்பிக்கு,

நேற்று நீ போட்ட நம் நாய் சீசரின் படத்தை எடுத்துவிடு. மற்றதை எந்த ஒழுங்கில் சொல்வேன் என்று தெரியவில்லை, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போனில் சொல்லத்தான் நினைத்தேன். இந்த ஒரு வருடத்தில் மூன்று முறை வாய்வரை வந்தது. ஒவ்வொரு முறையும் நீ "சாப்பிட்டாயா அக்கா" என்று கேட்பாய், பேச்சு வேறு பக்கம் போய்விடும். இப்போது கடலூர்ச் சித்தியிலிருந்து உன் அலுவலகத்து நண்பர்கள் வரை எல்லாரும் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். "அக்கா இருந்ததால்தான் அவன் பத்து வயது வரை ராஜாவாக வாழ்ந்து, தூக்கத்திலேயே போனான்" என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த நன்றி ஊரறிய வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுப்பதையும் ஊரறியத்தான் செய்ய வேண்டும்.

சீசர் தூக்கத்தில் போகவில்லை.

அந்தப் படம் நீயே உன் போன் திரையிலிருந்து எடுத்தது. 2024 மே 11. சனிக்கிழமை. உனக்குக் காலை எட்டு மணி, இங்கே பதினொன்றரை. நாம் என்ன பேசினோம் என்பது உனக்கு நினைவிருக்கும். திரைக்குள் தெரிந்ததையெல்லாம் நீ பார்த்தாய். திரைக்கு வெளியே இருந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று இரண்டாம் சனி, வங்கிக்கு விடுமுறை. முந்தின இரவு அம்மாவுக்கு இருமல், இரண்டு பேரும் விடியும்வரை தூங்கவில்லை. எப்போதும் ஐந்தரைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவள், அன்று கண் விழித்தபோது மணி ஒன்பது. அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. சாயங்காலம் போகலாம் என்று அவனைப் பின்கட்டில் விட்டிருந்தேன், அவனும் துவைக்கிற கல்லின் ஈரத்தில் வயிற்றை ஒட்டிப் படுத்திருந்தான். பிறகு உன் செய்தி வந்தது. கடலையும் சீசரையும் ஒன்றாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று, ஒரு பத்து நிமிடம் காட்டு அக்கா என்று.

குருசுக்குப்பத்திலிருந்து நடந்தே போனோம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலை தெற்கு வடக்காக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. சாயங்காலம் ஆனால் மேற்கே இருக்கும் கட்டடங்களின் நிழல் சாலை மேல் விழும், தரை மெல்ல ஆறும். பதினொன்றரைக்கு இரண்டு பக்கத்திலும் நிழல் கிடையாது. மே மாதத்தில் இந்த ஊரில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. என் நிழல் என் காலடிக்குள் சுருண்டிருந்தது. நான் துப்பட்டாவைத் தலைமேல் போட்டிருந்தேன்.

செருப்பும் போட்டிருந்தேன், தம்பி.

காந்தி சிலைக்கு வந்தபோது அவன் முன்கால்களை மாற்றி மாற்றித் தூக்கினான். நீ கூப்பிடப் போகிறாய் என்று தெரிந்து குதிக்கிறான் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பிறகு அழைப்பு வந்தது, அவன் உட்கார்ந்துவிட்டான். "கிழவன் ஆகிவிட்டானா" என்று நீ கேட்டது உனக்குத் தெரியும். என் இடது கை உனக்குத் தெரியாது. சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது அந்தக் கை. அவன் எழவில்லை. கடல் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த இடத்தில் கடலுக்கும் நமக்கும் நடுவில் கருங்கற்கள். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது மணலில் இறங்கி ஓடிய கரை அது. தெற்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியபின் மணல் அரித்துப்போய், பாறைகளைக் கொட்டினார்கள். மணல் திரும்ப வந்திருக்கும் இடம் தலைமைச் செயலகத்துப் பக்கம், வடக்கே. நாம் அதைத் தாண்டித்தான் வந்தோம். அங்கே இறக்கிவிட்டிருந்தால் அவன் தண்ணீருக்குள் போயிருப்பான். படத்தில் காந்தி சிலை தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று நான்தான் நிற்காமல் வந்தேன்.

அப்போது நீ "சீசர், வாடா" என்றாய்.

நான் இழுத்து எழாதவன் அதற்கு எழுந்தான். உன் குரல் கேட்டால் போனின் பின்பக்கம் போய் உன்னைத் தேடுவானே, அப்படியே என் கையைச் சுற்றி வந்து, போனுக்குப் பின்னால் மோந்து பார்த்து, மறுபடி முன்னால் வந்து உன்னைப் பார்த்தான். அந்த நொடியில்தான் நீ படம் எடுத்தாய். வாய் காதுவரை விரிந்திருக்கிறது. நாக்கு நீளத் தொங்கி, நுனியில் கரண்டி போல அகன்றிருக்கிறது. கண்கள் இடுங்கியிருக்கின்றன. "எப்படிச் சிரிக்கிறான் பார்" என்றாய். நானும் சிரிக்கிறான் என்றேன்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி இரைத்து இரைத்துத்தான் உள்சூட்டை வெளியே தள்ள வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், நாக்கிலிருந்து நீர் சீக்கிரம் உலராது, சூடும் இறங்காது. சூடு தாங்காத நாயின் நாக்குதான் அப்படி நுனியில் அகலும். இதையெல்லாம் மருத்துவர் பிறகு எனக்குச் சொன்னார். நீயும் இவ்வளவு நாள் வைத்திருந்தாய், நானும் பத்து வருடம் வளர்த்தேன், இருவருக்கும் தெரியவில்லை.

உன்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. இந்த வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. கொஞ்சம் அதற்காகவும்தான் எழுதுகிறேன். சாலையின் தெற்குக் கோடியில் இருக்கும் டூப்ளே சிலை வரைக்கும் கூட்டிப் போ என்றது நீ. போனது நான். சங்கிலி என் கையில் இருந்தது. மாட்டேன், வெயிலாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இருந்தது. நீ கேட்டு நான் மறுத்ததே இல்லை என்பதை ஒரு பெருமையாக வைத்திருந்தேன். அவன் கால் வெந்தது அந்தப் பெருமையில்தான்.

நீ அழைப்பை முடித்தபோது மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடத்தைத் தாண்டியிருந்தோம். அவன் குட்டியாக வந்த 2014-இல், மழையில் இடிந்து விழுந்த அதே கட்டடம். இப்போது புதிதாகக் கட்டி நிற்கிறது. அங்கிருந்து ஐம்பது அடி போயிருப்போம், பின்கால்கள் பின்னிக்கொண்டன. குடித்தவன் போலத் தள்ளாடி விழுந்தான். ஈறுகள் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தன. எச்சில் கெட்டியாக நூல் விட்டது. அவனைத் தூக்கத் தரையில் முட்டி போட்டேன், உடனே எழுந்துவிட்டேன். அந்தச் சூட்டில் என் முட்டி ஒரு நொடி நிற்கவில்லை. அவன் அதே தரையில் காந்தி சிலையிலிருந்து அதுவரை நடந்து வந்திருந்தான்.

சுற்றுலா வருகிறவர்களுக்குத் தொப்பி விற்கும் பெரியவர் ஒருவர் தன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். அவர் சரியாகத்தான் செய்தார். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றினார், தன் தொப்பி ஒன்றால் விசிறினார். நான்தான் துப்பட்டாவை நனைத்து அவன் உடம்பு முழுக்கச் சுற்றினேன். ஆட்டோவில் ஏற்றியபின் வெயில் படக்கூடாது என்று பக்கத்துப் படுதாவையும் இறக்கிவிட்டேன். ஈரத்துணியைச் சுற்றி மூடினால் சூடு உள்ளேயே நிற்கும். தண்ணீர் ஊற்றிக் காற்றுப் படும்படி திறந்து வைத்திருக்க வேண்டும். நாய்க்கு 38, 39 டிகிரிதான் இயல்பு. மருத்துவர் வைத்த வெப்பமானி 42-ஐத் தாண்டியது. அவர் என்னைத் திட்டவில்லை. "ஏம்மா இந்த நேரத்தில்" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு விடியற்காலை நான்கு மணிக்கு முடிந்தது. அம்மாவும் இதைப் படிப்பார், அதனால் அந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை. உன்னிடம் என்ன சொல்வது என்று நாங்கள் பேசிக்கொண்டதையும் எழுதப் போவதில்லை. பொய் என் வாயிலிருந்துதான் வந்தது. அதை என் கணக்கில் வைத்துக்கொள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். லாப்ரடார்தான் வேண்டும், அதுவும் கறுப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாயே, அது எந்த ஊர் நாய் என்று உனக்குத் தெரியுமா? கனடாவில் நியூபவுண்ட்லாந்து என்ற தீவில், பனிக்கடலில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வம்சம். குளிர்நீர் தோலைத் தொடாதபடி அதற்கு இரட்டை மயிர். அப்படிப்பட்டதை நம் ஊருக்குக் கொண்டுவந்தாய். ஐந்து வருடம் கொஞ்சினாய். பிறகு நீ குளிர் தேசத்துக்குப் போனாய், அவன் இந்த வெயிலில் இருந்தான். மாதம் தவறாமல் அவன் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பினாய், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இடி இடித்தால் யார் கட்டிலின் அடியில் போய் அவனோடு உட்கார்ந்தார்கள்? காதில் புண் வந்தபோது, அவன் கடித்தும் விடாமல் மருந்து விட்டது யார்? அப்பாவின் காரியத்துக்கு நீ வந்து போன நான்கு நாட்களைப் பற்றி இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. அதை நேரில் பேசுவோம், அல்லது பேசாமலே விடுவோம்.

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

நீ கிளம்பிய இரவு நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன், அது உன்னுடையது. மறுநாள் காலை உனக்குத் தெரியாது. உன் பழைய சட்டையைப் பெட்டியில் வைக்காமல் கொடியில் விட்டுப் போயிருந்தாய். அவன் எம்பி அதை இழுத்து, அதன்மேல் படுத்து, மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அம்மா தயிர்சாதம் பிசைந்து கையால் ஊட்டினார். நாலாம் நாள் ஐந்தரை மணிக்கு அவனே சங்கிலியைக் கவ்விக்கொண்டு வந்து என் கட்டிலருகே நின்றான். அன்றிலிருந்து அது எங்கள் இருவரின் சாலை. காலை ஏழரை வரைதான் அங்கே வண்டிகள் விடமாட்டார்கள் அல்லவா? ஏழரைக்குப் போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்புகளை இழுக்கும் சத்தம் கேட்டால், எங்கே இருந்தாலும் சீசர் திரும்பி வீட்டுப் பக்கம் நடப்பான். நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு ஒழுங்கான பிள்ளையை நான் பதினொன்றரைக்குக் கூட்டிப் போனேன். அவனுக்கு அந்த நேரம் புரிந்திருக்காது. தடுப்புச் சத்தம் கேட்கவில்லையே, எப்போது திரும்புவது என்று நினைத்திருப்பானோ என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

நேற்றைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போனேன். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் நாயை அங்கே நடத்தக் கூடாது என்று அந்த மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. செருப்பைக் கழற்றி நின்று பார்த்தேன். எத்தனை நொடி என்று எழுதமாட்டேன். பக்கத்தில் ஒரு பெண் வெள்ளைப் பொமரேனியன் ஒன்றோடு போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய், தரையைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு குனிந்து தொட்டாள். நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு துய்மா வீதிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

டிசம்பரில் வரும்போது அம்மாவுக்கு ஒரு குட்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாய். வேண்டாம். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு நாய் வேண்டுமென்றால் நீ இருக்கும் ஊரில் வளர்த்துக்கொள், நீயே நடக்கக் கூட்டிப் போ. எனக்கு ஒருவேளை ஒரு நாள் மனது வந்தால், படகுகளின் நிழலில் குட்டி போடும் நம் குப்பத்து நாய்களில் ஒன்று வரட்டும். இந்த வெயில் அதற்குத் தெரியும். அப்போதும் யாருக்காகவும் நேரத்தை மாற்றமாட்டேன்.

நீ இதைப் படித்துவிட்டுக் கோபப்படுவாய். படு. உடனே கூப்பிடாதே, இரண்டு நாள் கழித்துக் கூப்பிடு. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அவசரமாகச் சொல்லிவிடாதே.

உனக்கு வேறு ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். மார்கழியில் எடுத்தது, காலை ஆறு மணி இருக்கும். செயலகத்துக்கு எதிரே மணலில் நிற்கிறான், மயிரெல்லாம் உப்புத்தண்ணீர், வாய் மூடியிருக்கிறது, என்னைப் பார்க்கவில்லை, அலையைப் பார்க்கிறான். கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கிறது, முகம் சரியாகத் தெரியாது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு இதைப் போடு.

அக்கா