லாக் புக் எங்கே? விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், அதன் கீழே விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வழங்கும் இயக்குநரகத்துக்கும், விமானப்படை, கடற்படைத் தலைமையகங்களுக்கும்,

வணக்கம்.

உச்சிப்புளியிலிருந்து எழுதுகிறேன். படையில் நான்காண்டு விமானப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்கு, அந்த அனுபவத்தை உரிமத்துக்குக் காட்ட ஒரு பதிவு வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். எங்கள் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். இரண்டுக்கும் நடுவே பனையும் தென்னையும் மணலுமாக ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில்தான் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. 2009 மார்ச்சில் அதற்கு ஐ.என்.எஸ். பருந்து என்று தமிழிலேயே பெயர் வைத்தார்கள். 2012-இல் ஆளில்லா விமானப் பிரிவு ஒன்றும் வந்து சேர்ந்தது. இங்கே கொல்லையில் துணி காயப்போடும் பெண்கள்கூட, மேலே போவது ஹெலிகாப்டரா ஆளில்லா விமானமா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் பக்கத்துப் பள்ளி விழாக்களில், கலாம் ஐயா விமானியாக ஆசைப்பட்டதையும், எட்டு இடங்களுக்கு நடந்த தேர்வில் ஒன்பதாவதாக வந்ததையும் சொல்லாமல் யாரும் மைக்கை விடுவதில்லை. நல்ல கதைதான். ஆனால் அந்த எட்டுப் பேர் ஓட்டிய விமானங்களுக்கு டயரில் காற்றுப் பார்த்தவர்கள் யார் என்று இதுவரை ஒரு பிள்ளையும் எழுந்து கேட்டதில்லை. நான் அந்தக் காற்றுப் பார்த்த சாதி. விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவன். 1992-இல் சேர்ந்தேன், தாம்பரத்தில் தொழில் கற்றேன், பெரும்பாலும் ஏ.என்.-32 சரக்கு விமானங்களோடு இருபது ஆண்டு காலம் கழித்து, சார்ஜெண்டாக ஓய்வுபெற்றேன்.

எங்கள் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறேன், ஏனென்றால் இந்த மடலே அந்தப் பக்கத்தைப் பற்றியதுதான். ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு உண்டு. பறப்பதற்கு முன்னால், வந்து இறங்கிய பின்னால், ஒவ்வொரு தொழிலைச் சேர்ந்தவனும் தன் பகுதியைப் பார்த்துவிட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். மேற்பார்வையாளர் போடுவார். கடைசியாக விமானி போடுவார். அதன் பிறகுதான் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுக்கலாம். முதல் முறை நான் அதில் கையெழுத்துப் போட்டபோது வெறும் எல்.ஏ.சி., கார்ப்பரலுக்கும் கீழே உள்ள பதவி; வயது இருபத்தொன்று. வடகிழக்கில் ஒரு ஜனவரிக் காலை, விரல் விறைத்துப் பேனா நழுவியது. என் பெயருக்குக் கீழே விமானி தன் பெயரை எழுதியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டில் அதுவரை என் கையெழுத்தை நம்பி யாரும் ஒரு மளிகைக் கடனும் கொடுத்ததில்லை.

இன்னொன்று. எங்கள் கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே நிழல் வரைந்திருக்கும். வேலை முடிந்து எல்லாம் திரும்பியதும் நிழல் ஒன்றும் தெரியக் கூடாது. ஒரு மாலை தெரிந்தது. சின்ன ஸ்குரூ டிரைவர், சுண்டுவிரல் நீளம். கடைசியாக எடுத்தவன் நான். சொல்லாமல் இருந்திருந்தால் மறுநாள் வரை எவருக்கும் தெரிந்திராது. சொன்னேன். விமானம் நிறுத்தப்பட்டது. ஏ.என்.-32-க்கு என்ஜின்கள் இறக்கைக்கு மேலே இருக்கும். ஏணி போட்டு ஏறி, டார்ச் வெளிச்சத்தில் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நள்ளிரவு தாண்டிக் கண்டெடுத்தோம். சார்ஜெண்ட் என்னைத் திட்டியது தனி அத்தியாயம், அது இங்கே வேண்டாம். திட்டி முடித்துவிட்டு, தானாக வந்து சொன்னதற்காகத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இப்படி இருபது ஆண்டுகள். வெளியே வந்ததும் ஒரு தனியார் ஹாங்கருக்கு, அதாவது விமானப் பராமரிப்புக் கூடத்துக்கு, வேலை கேட்டுப் போனேன். நேர்காணல் செய்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். “சார், உங்கள் லாக் புக் எங்கே?” என்றார். என்னிடம் இருந்தது படைவிலகல் புத்தகம். தொழில் பெயர் இருந்தது, நடத்தை நன்று என்று இருந்தது. எந்தத் தேதியில், எந்த விமானத்தில், எந்த வேலையை, யார் மேற்பார்வையில் செய்தேன் என்பது எதிலும் இல்லை. அதெல்லாம் ஃபார்ம் 700-இல் இருக்கிறது. ஃபார்ம் 700 விமானத்தோடு இருக்கிறது. விமானம் முகாமுக்குள் இருக்கிறது. அது வெளியே வரக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் என் இருபது ஆண்டும் அதோடு உள்ளேயே தங்கிவிட்டது. அப்புறம் சில ஆண்டுகள் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்றேன். பென்ஷன் இருந்ததால் வீடு நடந்தது.

இது முடிந்துபோன என் கதை. எனக்காக எழுதவில்லை. எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையனுக்காக எழுதுகிறேன்.

அவன் அக்னிவீர் வாயு, அதாவது அக்னிபத் திட்டத்தில் நான்காண்டுக்கு விமானப்படையில் சேர்ந்தவன். அப்பா மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். நான்கைந்து பிள்ளைகளை மாலையில் கடற்கரை மணலில் ஓடவிட்டு, கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். தேறியவன் இவன் ஒருவன். (நுழைவுத் தேர்வுத் தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வருவதைப் பற்றி வேறொரு மடல் எழுத வேண்டியிருக்கிறது.) ஆண்டுக்கு முப்பது நாள் விடுப்பில், மீன்பிடித் தடைக்காலத்தில் வந்திருந்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் சும்மா கிடக்கும். என்ஜின் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். அப்பாவின் படகில் விசிறியைச் சுழற்றும் தண்டும் என்ஜினும் சேரும் இடத்தில் போல்ட்கள் அதிர்ந்து தளர்ந்துகொண்டே இருந்தன. யாரோ கட்டுக்கம்பியைக் கண்டபடி சுற்றி வைத்திருந்தார்கள். பையன் அதை வெட்டி எறிந்துவிட்டு, போல்ட்களை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தலையில் துளை போட்டு வந்தான். ஒரு போல்ட்டிலிருந்து அடுத்ததுக்கு இரட்டைக் கம்பியை முறுக்கிக் கோத்தான். ஒரு போல்ட் தளரத் திரும்பினால் கம்பி மற்றதை இறுக்குகிற பக்கமாக இழுக்க வேண்டும். திசை மாறினால் கட்டியும் பயனில்லை. முறுக்கு ஒரே சீராக இருந்தது, அவன் ஆச்சி வலை முடிவதைப் போல. முனையை மடக்கி உள்ளே தள்ளினான், யார் கையையும் கிழிக்காதபடி. அந்த மடக்கலைப் பார்த்ததும், இவனை நல்ல கார்ப்பரல் யாரோ பழக்கியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

அப்பா பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: “நாலு வருஷம் முடிந்தால் பணம் வரும், பையனும் வருவான். பணம் படகுக் கடனுக்குப் போய்விடும். பையன் எங்கே போவான் அண்ணே?”

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். நான்கு ஆண்டு; முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை நிரந்தரம்; மற்றவர்களுக்குச் சேவா நிதி என்ற மொத்தத் தொகையாகப் பத்து லட்சத்து நான்காயிரமும் வட்டியும்; பென்ஷன் இல்லை. எனக்கு இரண்டு பட்டை ஏறி கார்ப்பரல் ஆக ஐந்து ஆண்டு ஆயிற்று. இவர்கள் அதற்கு ஓராண்டு முன்பே வெளியே வந்துவிடுகிறார்கள். திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் எனக்குக் கருத்து உண்டு, அதைத் தேநீர்க் கடையில் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது அது அல்ல. 2022 டிசம்பரில் உள்ளே போன முதல் தொகுதி விமானப்படைப் பிள்ளைகளுக்கு 2026 டிசம்பரில் நான்காண்டு முடிகிறது. கடற்படைக்காரர்கள் 2023 மார்ச்சில் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி முடித்தபோது அதில் 273 பெண்களும் இருந்தார்கள். அவர்களில் விமானப் பிரிவுக்குப் போனவர்களுக்கும் இதே கேள்விதான்.

திட்டம் அறிவித்த அதே 2022 ஜூனில், விமானத் தொழில்நுட்பப் பணிகளிலும் பராமரிப்பு, பழுதுபார்ப்புப் பணிகளிலும் அக்னிவீரர்களைச் சேர்ப்போம் என்று உங்கள் அமைச்சகம் சொன்னது. உங்கள் உரிம விதியிலும் ஒரு வாசல் இருக்கிறது: சிவில் துறைக்கு வெளியே பெற்ற பராமரிப்பு அனுபவம் சமமானதாக இருந்தால் ஏற்கலாம், அதோடு கொஞ்சம் சிவில் அனுபவமும் சேர வேண்டும் என்கிறது. நியாயமான விதி. தேர்வுத் தாள்களில் 75 சதவீதம் எடுக்க வேண்டும் என்பதும் நியாயம். தளர்த்தச் சொல்ல மாட்டேன், நானும் அந்த விமானத்தில் ஏறுகிறவன்தான். “சமமானது” என்று எதைக் காட்டி நிரூபிப்பது என்பதுதான் சிக்கல்.

விலகும்போது திறன் சான்றிதழ் தரப்படும் என்று படைகள் சொல்லியிருக்கின்றன. அது வாழ்த்து மடல் போல இருக்க வேண்டாம். உரிமம் வழங்கும் உங்கள் மேசையில் எண்ணிப் பார்க்கக்கூடிய வடிவத்தில் இருக்கட்டும்: தேதி, விமான வகை, எந்தப் பகுதி, என்ன வேலை, தனியாகச் செய்தானா உடன் நின்றானா, மேற்பார்வையாளர் கையெழுத்து. விமானத்தின் எண் வேண்டாம், தளத்தின் பெயர் வேண்டாம். எதை மறைக்க வேண்டும் என்று விமானப்படையும் கடற்படையும் உங்களோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் படிவம் தயாராகிவிடும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்தப் பிள்ளைகளின் படைப் பயிற்சியை இளநிலைப் பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட் புள்ளிகளில் பாதியாக ஏற்றுக்கொள்கிறது. பி.ஏ.வுக்குச் செல்லுபடியாகிற ஸ்பேனர் பிடிப்பு, விமானத்துக்குச் செல்லாதா?

முடிந்தால் இன்னொன்றும்: நான்காம் ஆண்டிலேயே, முகாமில் இருக்கும்போதே, உரிமத் தேர்வின் அடிப்படைத் தாள்களை எழுத அனுமதியுங்கள். கணிதத்தையும் இயற்பியலையும் மறந்துபோன பிறகு எழுதச் சொன்னால், கடற்கரை மணலில் மறுபடியும் நான்தான் கரும்பலகை தூக்க வேண்டும். முழங்கால் வலிக்கிறது.

பையன் விடுப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு நீள நோட்டு வாங்கி வந்தான். ஸ்கேல் வைத்து ஆறு பத்தி பிரித்துக் கோடு போட்டிருந்தான். கடைசிப் பத்திக்குக் ‘கையெழுத்து’ என்று தலைப்பு. “மாமா, இதில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?” என்று கேட்டான். ஒன்றும் எழுதாதே, முகாமுக்குள் கொண்டு போகவும் செய்யாதே என்று சொல்லிப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். நோட்டு என் பீரோவில் இருக்கிறது. எதை எழுதலாம் என்று நீங்கள் சொல்லியனுப்பினால், அவனுக்குத் தபாலில் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்ஜெண்ட் ஒருவன்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.