அந்தக் குளிசையைப் பத்தி மச்சானுக்கு

அன்பின் மச்சான்,

உன்ர வொய்ஸ் மெசேஜ் மூண்டும் நேத்து இரவு கேட்டன், விடியவும் ஒருக்கா கேட்டன். அப்பா சைக்கிளை சந்தையடியில விட்டிட்டு நடந்து வீட்ட வந்து, பக்கத்து வீட்டுப் பெடியன் களவெடுத்திட்டான் எண்டு சண்டைக்குப் போனதைக் கேக்க எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்துது, ஏனெண்டா நாங்கள் படிக்கிற காலத்தில எங்கட நாலு பேற்ற சைக்கிளுக்கும் ஒட்டுப் போட்டுத் தந்த மனுசன் அவர், எந்தச் சைக்கிள் ஆற்றது எண்டு மணிச் சத்தத்திலயே சொல்லுவார். நீ அனுப்பின மருந்துத் துண்டின்ர போட்டோவையும் பெருசாக்கிப் பாத்தன். வட்ஸ்அப்பில துண்டு துண்டா எழுதினா விளங்காது, அதான் இருந்து நீட்டா எழுதுறன், நீயும் ஆறுதலா இருந்து வாசி.

இஞ்ச திருகோணமலையில கச்சான் காத்து தொடங்கீட்டுது. பகல் முழுக்க சுடுகாத்தும் புழுதியும், பின்னேரம் கடற்கரைக்குப் போனாத்தான் மூச்சு விடலாம். அம்மாவையும் ஓட்டோவில கூட்டிக்கொண்டு போறன், கோட்டைப் பக்கத்து மான் ரோட்டுக்கு வந்து நிண்டா ஒண்டு ரெண்டு எண்டு எண்ணுவா, ஏழு எட்டுக்குப் பிறகு திரும்ப ஒண்டில இருந்து தொடங்குவா, நானும் சேந்து எண்ணுவன்.

சரி, விசயத்துக்கு வாறன். அப்பாவுக்கு எழுதியிருக்கிறதும் அம்மாவுக்குக் குடுக்கிறதும் ஒரே மருந்துதான் மச்சான், அல்சைமர் எண்ட மறதி வருத்தத்துக்குக் குடுக்கிற டொனெபெசில். ஒண்டே முக்கால் வருசமா குடுக்கிறன். நீ கேட்ட முதல் கேள்வி "இதைப் போட்டா அப்பாவுக்கு ஞாபகம் திரும்பி வருமா" எண்டு. வராது. இதை மற்ற எல்லாத்துக்கும் முதல் சொல்லுறன், ஏனெண்டா எனக்கு ஒருத்தரும் இப்பிடி நேராச் சொல்லேல்லை, நான் மூண்டு மாசம் ஒவ்வொரு நாளும் விடிய அம்மாட முகத்தைப் பாத்து இண்டைக்கு வருமா நாளைக்கு வருமா எண்டு இருந்தன், பிறகு ஒரு நாள் கிளினிக்கில ஒரு டொக்டர் பொறுமையா இருந்து விளங்கப்படுத்தினவர். மூளைக்குள்ள நரம்புகள் ஒண்டோட ஒண்டு கதைக்கிறதுக்கு அசிட்டைல்கோலின் எண்டு ஒரு சாமான் வேணும், அதைச் சுரக்கிற நரம்புகள்தான் இந்த வருத்தத்தில வெள்ளனவே அழியத் தொடங்குது, இருக்கிற கொஞ்சத்தையும் ஒரு நொதி உடைச்சுக்கொண்டே இருக்கும். இந்தக் குளிசை அந்த நொதியைப் பிடிச்சு வைக்குது, அவ்வளவுதான். கிணத்து ஊத்து அடைபட்டுக்கொண்டு வருது எண்டு வை, ஊத்தைத் திறக்க இதால ஏலாது, வாளியில இருக்கிற ஓட்டையைத்தான் அடைக்கும், அள்ளுற கொஞ்சத் தண்ணியாவது வீடு வந்து சேரும். ஊத்து தன்ர பாட்டுக்கு அடைபட்டுக்கொண்டுதான் போகும். வருத்தத்தை நிப்பாட்டாது, மாத்தாது. சில பேருக்கு கொஞ்சம் தெளிவு வரும், சில பேருக்கு இருக்கிற நிலை கொஞ்ச காலம் அப்பிடியே நிக்கும், சில பேருக்கு ஒண்டுமே தெரியாது. அப்பா எந்தப் பக்கம் எண்டு போட்டுப் பாத்தாத்தான் தெரியும், அதுவும் மூண்டு மாசமாவது போகோணும்.

இதைக் கண்டுபிடிச்ச கதை தெரியுமா உனக்கு. ஜப்பானில எய்சாய் எண்ட கம்பனியில ஹச்சிரோ சுகிமோட்டோ எண்டு ஒரு ஆராய்ச்சியாளர், அவற்ற தாய்க்கே மறதி வருத்தம் வந்து மகனை அடையாளம் தெரியாமப் போனது, அந்த மனுசன்தான் இந்த மருந்துக்கு வேலை செய்த குழுவை நடத்தினவர். 1996இல அமெரிக்காவில அனுமதி கிடைச்சுது, அரிசெப்ட் எண்ட பேரில வந்தது. இதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு என்னவோ ஒரு பிடிப்பு வந்துது மச்சான், தாய் பேர் கேட்டு நிண்ட ஒரு மகன் செய்த மருந்து எண்டு. அவராலயும் திருப்பிக் கொண்டுவர ஏலேல்லை, கொஞ்சம் பிடிச்சு வைக்கத்தான் ஏலுமாயிருந்துது.

எங்கட வீட்டில நடந்ததைச் சொல்லுறன். அம்மாவுக்கு முதல் 5 மில்லிகிராம், இரவு படுக்கைக்குப் போகேக்க. ரெண்டாம் கிழமை ஒரு நாள் சாமம் ரெண்டு மணி இருக்கும், எழும்பி சீலையை உடுத்திக்கொண்டு, "பாதை வெளிக்கிட்டிட்டுது, பாதை வெளிக்கிட்டிட்டுது" எண்டு சத்தம் போட்டா. உனக்குத் தெரியும்தானே, அவ ஆலங்கேணியில படிப்பிச்ச காலத்தில ஒவ்வொரு நாளும் கிண்ணியாப் பாதையில, தண்ணியைக் கடக்க ஆக்களை ஏத்துற அந்த மிதவையிலதான் போய் வந்தவ, பாலம் 2009இலதானே திறந்தது, அதுக்கு முதலே அவ பென்சன் எடுத்திட்டா. பாதையைத் தவறவிட்டா பள்ளிக்கூடத்துக்குப் பிந்தும் எண்ட பயம் இத்தனை வருசம் உள்ளுக்கு இருந்து கனவில வந்திருக்கு. கதவைத் திறந்து கேற்றடிக்கே போயிட்டா. நான் நினைச்சன் வருத்தம் கூடீட்டுது எண்டு, என்ர மனுசி அழுதா, தங்கச்சி கொழும்பில இருந்து போன் எடுத்து நித்திரைக் குளிசை குடுங்கோ எண்டு சொன்னா. குடுக்கேல்லை, நல்ல காலம். அடுத்த கிளினிக்கில சொன்ன உடன டொக்டர் கேட்ட முதல் கேள்வி, குளிசை எத்தனை மணிக்கு எண்டு. இந்த மருந்து சில பேருக்கு நித்திரையைக் குழப்பும், நிசம் போல கனவு வரும், அப்பிடி எண்டா காலமைக்கு மாத்தலாம் எண்டார். காலமைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடுக்கத் தொடங்கினன், நாலைஞ்சு நாளில சாமத்தில எழும்புறது நிண்டுது. நீயும் இரவில குடுக்கத் தொடங்கி அப்பா குழம்பினாரெண்டா உடன பயந்து நிப்பாட்டிப்போடாத, நேரத்தைப் பத்தி டொக்டரிட்டக் கேள்.

ஒண்டரை மாசம் கழிச்சு 10 ஆக்கினவை. அதோட சாப்பாடு போச்சு. இடியப்பமும் சொதியும் எண்டா விடாத மனுசி, தட்டைத் தள்ளி வைச்சா, வயிறு பிரட்டுது எண்டா, ரெண்டு மூண்டு தரம் வயித்தால போச்சு. முதல் ஒரு கிழமை ரெண்டு கிழமை இப்பிடி இருந்து அடங்கிறது உண்டு எண்டு சொல்லியிருந்தவை, அதால பாத்துக்கொண்டு இருந்தன், ஆனா அம்மாவுக்கு அடங்கேல்லை, சட்டை தொளதொளத்துப் போச்சு, மாசத்தில மூண்டு கிலோ. ஒரு நாள் பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில செருப்பைக் கழட்டக் குனிஞ்சவ அப்பிடியே சரிஞ்சா, நான் பிடிச்சிட்டன். ஆஸ்பத்திரியில பாத்தா நாடி 46. இந்த மருந்து இருதயத் துடிப்பையும் மெதுவாக்கும் மச்சான், அந்த அசிட்டைல்கோலின் மூளையில மட்டும் இல்லை, இருதயத்திலயும் குடலிலயும் சலப்பையிலயும் வேலை செய்யுது, அதாலதான் வயித்தாலயும் போகுது, நாடியும் இறங்குது, சில பேருக்கு சலமும் அடக்க ஏலாமப் போகுது, காலில தசைப் பிடிப்பும் வருது. திரும்ப 5க்கு இறக்கினவை, அதிலதான் இண்டு வரைக்கும் நிக்கிறம். கூடின அளவுதான் கூட நல்லது எண்டு இல்லை, தாங்கக்கூடிய அளவுதான் அவவின்ர அளவு.

இப்ப உன்ர துண்டுக்கு வாறன், இதுதான் நான் அவசரமா எழுதுறதுக்குக் காரணம். அப்பா பிரஷருக்கு அட்டெனொலோல் போடுறார், தொய்வுக்கு இன்ஹேலர் அடிக்கிறார், முழங்காலுக்கு டைக்ளோபெனாக் எண்ட நோவுக் குளிசை. பிரஷர் குளிசை, தொய்வு வருத்தம், நோவுக் குளிசை, இந்த மூண்டும் டொனெபெசிலோட முட்டுப்படக்கூடிய விசயம் மச்சான். அட்டெனொலோலும் நாடியை இறக்கும், ரெண்டும் சேந்தா கூட இறங்கும், தலை சுத்தி விழலாம். தொய்வுக்காரருக்கு இந்த மருந்தால மூச்சு இறுக்கலாம். இது வயித்தில அமிலத்தைக் கூட்டும், அதோட நோவுக் குளிசையும் சேந்தா குடலில புண் வந்து ரத்தம் கசியிற பயம் இருக்கு. அதுக்காக குடுக்கக் கூடாது எண்டு நான் சொல்லேல்லை, நான் டொக்டர் இல்லை, ஆனா எழுதின டொக்டருக்கு மற்ற ரெண்டு இடத்தில எழுதின மருந்து தெரியுமோ எண்டுதான் எனக்கு யோசனை. நீ சொன்னதைப் பாத்தா பிரஷர் கிளினிக் வேற, தொய்வு பாக்கிறவர் வேற, இது வேற. எல்லாக் குளிசையையும், பழைய மட்டையையும் சேத்து, ஒரு பையில போட்டுக்கொண்டு போ. இருதயத் துடிப்பைப் பாக்கிற ஈசிஜி எடுத்தவையா எண்டு கேள். B12 விற்றமின், தைரொய்ட் ரத்தம் பாத்தவையா எண்டும் கேள், அதுகள் குறைஞ்சாலும் மறதி வரும், மனச்சோர்வாலயும் வரும், உங்கட அம்மா போனதில இருந்துதானே அப்பா இப்பிடி எண்டு நீயே சொன்னனி. அதோட இது அல்சைமரோ, பாரிசவாதம் போல ரத்தக் குழாய் அடைச்சு வந்ததோ, வேற ஏதுமோ எண்டு ஒரு முடிவு இருக்கோணும், இந்தக் குளிசை முக்கியமா அல்சைமருக்குத்தான்.

இன்னொண்டு, இதில பிழை என்னில. போன மாரிக்கு அம்மாவுக்குத் தடிமன், மூக்கால ஓடினபடி. ஒரு பாமசியில போய் தடிமனுக்குக் குளிசை தாங்கோ எண்டன், அவையும் தந்தவை, அம்மா வேற என்ன போடுறா எண்டு நானும் சொல்லேல்லை அவையும் கேக்கேல்லை. குளோர்பெனிரமின். ரெண்டு நாளில அம்மா என்னைத் தன்ர தமையன் எண்டு கூப்பிட்டா, வாய் காஞ்சு போச்சு, சலம் போக ஏலேல்லை, சுவரில பூச்சி ஊருது எண்டு தட்டினா. எனக்குப் பிறகுதான் விளங்கினது, அந்தத் தடிமன் குளிசை செய்யிறது டொனெபெசில் செய்யிறதுக்கு நேர் எதிர், அசிட்டைல்கோலினை வேலை செய்ய விடாது. ஒரு கையால குடுத்து மற்றக் கையால பறிச்ச மாதிரி. நிப்பாட்டின மூண்டு நாளில தெளிஞ்சா. சலம் அடக்கத் தாற சில மருந்தும், நித்திரைக்கும் நரம்பு நோவுக்கும் குடுக்கிற அமிட்ரிப்டிலினும் இதே குணம்தான். அதிலயும் சலத்துக் குளிசை பெரிய பொறி மச்சான், டொனெபெசிலால சலம் போகும், அதை வேற வருத்தம் எண்டு நினைச்சு இன்னொரு குளிசை குடுப்பினம், அந்தக் குளிசை மறதியைக் கூட்டும், பிறகு மறதிக்கு டோசைக் கூட்டுவினம். புதுசா ஏதும் வந்தா முதல் கேக்க வேண்டியது, இது இந்தக் குளிசையால வந்ததா எண்டு.

ஒரு நாள் மறந்தா பயப்பிடாத, அடுத்த நாள் ரெண்டாக் குடுக்காத. இந்த மருந்து உடம்பில பாதியாகிறதுக்கே 70 மணித்தியாலம் வரை எடுக்கும், அதால ஒரு நாளில ஒண்டும் கெடாது. ஒரு கிழமைக்கு மேல விட்டா மட்டும் பழைய அளவில நீயாத் தொடங்காமக் கேட்டிட்டுத் தொடங்கு. பிரயோசனம் இல்லை எண்டு நீயா யோசிச்சுச் சட்டெண்டு நிப்பாட்டவும் வேண்டாம். பிரித்தானியாவில 2012இல வந்த ஒரு ஆய்வில, வருத்தம் நடுத்தரத்துக்கு மேல போன 295 பேரைப் பாத்தவை, குளிசையைத் தொடந்தவை நிப்பாட்டினவையை விடக் கொஞ்சம் நல்லா இருந்தவை. வித்தியாசம் பெருசில்லை, ஆனா இருந்தது.

அந்தக் கொஞ்சம் எப்பிடி இருக்கும் எண்டு கேப்பாய். நான் முதல் கிளினிக்கில ஞாபகச் சோதினையில எடுக்கிற மார்க்கைத்தான் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சன், திகதி கேட்டு, மணிக்கூடு கீறச் சொல்லி, 30க்கு 17 வந்தது, பிறகு 18, ஒரு வருசத்தில 16. மார்க்கைப் பாத்தா ஒண்டும் நடக்கேல்லை. ஆனா குளிசை தொடங்கி மூண்டாம் மாசம் ஒரு நாள் குசினிக்க போனா அம்மா முருங்கையிலை ஆஞ்சுகொண்டு இருக்கிறா, ஒருத்தரும் சொல்லேல்லை, தானாக் கட்டை எடுத்துப் போட்டு இருந்திருக்கிறா. கதைக்கத் தொடங்கின வசனத்தை முடிக்கிறா. தேத்தண்ணிக்குச் சீனி போட்டாச்சோ எண்டு பத்துத் தரம் கேட்டவ நாலு தரம் கேக்கிறா. அதுக்குத்தான் இந்தக் குளிசை. என்ர பேர் அவவுக்கு ஒரு நாள் இருக்கும் ஒரு நாள் இருக்காது, அதை வைச்சு மருந்தை அளக்கிறதை நான் விட்டிட்டன், நீயும் அப்பா உன்ர பேரைச் சொல்லுறாரோ எண்டு சோதிக்காத, அந்தச் சோதினை அவரை வெக்கப்படுத்தும், உன்னை உடைக்கும். சம்பந்தர் கோணமலைக்குப் பாடின தேவாரத்தை அம்மா இப்பவும் ஒரு சொல் பிசகாமப் பாடுவா, ஆனா அது குளிசையால இல்லை, எப்பவுமே இருந்தது, பாட்டு கடைசி வரைக்கும் நிக்குமாம்.

இன்னும் எழுத இருக்கு, நீர்ப்பம்பு பழுதாப் போய்க் கிடக்கு, மகள் ஏலெவல் எழுதுறாள், ஊர்ப் பெடியள் ரெண்டு பேர் வெளிநாட்டில இருந்து வந்து நிக்கிறாங்கள், உன்னைத்தான் கேட்டவங்கள். அதெல்லாம் பிறகு.

இண்டைக்கு இரவு அப்பா படுத்திருக்கேக்க மணிக்கட்டில விரலை வைச்சு ஒரு நிமிசம் முழுசா எண்ணிப்பார், அட்டெனொலோல் மட்டும் போடேக்க எவ்வளவு எண்டு எழுதி வை, டொனெபெசில் தொடங்க முதல் அந்த இலக்கம் டொக்டரிட்ட இருக்கோணும். எண்ணிப்போட்டு எனக்குப் போன் எடு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை, அம்மாவோட நானும் முழிப்பாத்தான் இருப்பன்.

அன்புடன்,
உன்ர மச்சான்
திருகோணமலை