ரயான் ஹாரிஸுக்கு: 27 டெஸ்ட்ன்னா குறைச்சலா?

அன்புள்ள ரயான் ஹாரிஸ்,

ஆஸ்திரேலியாவோட ஃபாஸ்ட் பௌலரா இருந்த உங்களப் பத்தி யார் பேசினாலும் கடைசில "பாவம்ப்பா, அந்த முட்டி மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா..."ன்னுதான் முடிக்கிறாங்க. எனக்கு அந்தப் பேச்சு சுத்தமா புடிக்கல, அதான் எழுதுறேன்.

2010 மார்ச், வெலிங்டன்ல முதல் டெஸ்ட் ஆடும்போது உங்களுக்கு வயசு 30. சவுத் ஆஸ்திரேலியா மாநில டீம்ல பல வருஷம் ஆடியும் பெருசா யாரும் கண்டுக்கல, 2008ல குயின்ஸ்லாந்துக்குப் போனீங்க, அப்புறம்தான் எல்லாம் மாறுச்சு. 27 டெஸ்ட், 113 விக்கெட், சராசரி 23.52 (ஒரு விக்கெட்டுக்குக் குடுத்த ரன், கம்மியா இருந்தாதான் நல்லது). ஆஸ்திரேலியாவோட பழைய ஜாம்பவான் பௌலர் டென்னிஸ் லில்லியோட சராசரி 23.92. அவரு 70 டெஸ்ட் ஆடினவரு, ரெண்டையும் சமமா வைக்க முடியாதுதான், ஆனா உங்க நம்பர் யார் பக்கத்துல போய் நிக்குதுன்னு பாருங்க!

2010 ஆஷஸ்ல, அதாவது இங்கிலாந்தோட ஆடுற டெஸ்ட் தொடர்ல, பெர்த்ல 47 ரன்னுக்கு 6 விக்கெட், அடுத்த மெல்போர்ன் மேட்ச்லயே கணுக்கால் போச்சு. 2013ல இங்கிலாந்துல நாலே டெஸ்ட்ல 24 விக்கெட், செஸ்டர்-லீ-ஸ்ட்ரீட்ல ஒரே இன்னிங்ஸ்ல 7, அப்பவும் தொடர் 0-3ன்னு போயிடுச்சு. அதுக்குப் பதில் அந்த வருஷக் கடைசிலயே பெர்த்ல வந்துச்சு. இங்கிலாந்து கேப்டன் குக்கோட 100வது டெஸ்ட், ரெண்டாவது இன்னிங்ஸ், முதல் பால். உள்ள வர்ற மாதிரியே வந்து, பிட்ச் ஆனதும் விலகி, ஆஃப் ஸ்டம்ப் உச்சில போய் அடிச்சுது. குக் ஆடுனதுல ஒரு தப்பும் இல்ல, அந்தப் பாலுக்கு யாரு நின்னிருந்தாலும் அவுட்தான். அந்தத் தொடர்ல அஞ்சு டெஸ்ட்டும் முழுசா ஆடி 22 விக்கெட் எடுத்தீங்க, அதுவும் அந்த முட்டிய வச்சுக்கிட்டு.

ஆனா எனக்கு நீங்கன்னா கேப்டவுன்தான். 2014 மார்ச், தொடர் 1-1, கடைசி நாள். சவுத் ஆப்பிரிக்காவுக்கு 511 டார்கெட், அத யாரும் அடிக்கப் போறதில்ல, டிரா பண்ணினா போதும்னு ஓவர் ஓவரா கட்டை போட்டுக்கிட்டே இருக்காங்க, ஃபிலாண்டர் அசையவே இல்ல, ஸ்டெயினும் கூட நிக்கிறாரு, வெளிச்சம் வேற குறையுது, நீங்க ஓடி வர்றதப் பாத்தாலே எங்களுக்கு வலிக்குது, முட்டியும் போச்சு இடுப்பும் போச்சு. கேப்டன் கிளார்க் பால உங்க கைலதான் குடுத்தாரு. ஸ்டெயின் போல்டு. அடுத்து மோர்க்கல் போல்டு, மேட்ச்சும் தொடரும் ஆஸ்திரேலியாவுக்கு. மிச்சம் இருந்தது 27 பால். அந்த நேரத்துல, அந்த உடம்போட, ஸ்டம்புக்கே பால் போடணும்னு தோணுது பாருங்க, பவுன்சர் போட்டுப் பாப்போம்னு தோணாம, அதுதான் ரயான் ஹாரிஸ்.

அதுக்கப்புறம் முட்டி ஆபரேஷன். திரும்பி வந்து மெல்போர்ன்ல எங்க இந்திய பௌலிங்கையே அடிச்சு 74 எடுத்துட்டு, முதல் இன்னிங்ஸ் பௌலிங்ல 4 விக்கெட்டும் எடுத்தீங்க (அன்னைக்கு எனக்கு செம கோவம்). 2015 ஜூலைல ஆஷஸ் தொடங்க சில நாள் இருக்கும்போது கால் எலும்புல முறிவுன்னு தெரிஞ்சு, 35 வயசுல ரிட்டையர்மென்ட்.

இதுல எங்க பாவம் இருக்கு? 30 வயசுக்கு மேல வந்து, கெட்டுப்போன முட்டியோட, லில்லி பக்கத்துல நிக்கிற சராசரிய வச்சிருக்குறவர பாத்து நாம பாவப்படுறதா? 27 டெஸ்ட்தான் கிடைச்சுதுன்னு சொல்றவங்க, அந்த 27ல எத்தன டெஸ்ட்ட வலியோட ஆடினீங்கன்னு யோசிக்கிறதே இல்ல.

2025 மார்ச்ல உங்க கோச்சிங்ல சவுத் ஆஸ்திரேலியா 29 வருஷம் கழிச்சு ஆஸ்திரேலியாவோட உள்நாட்டுக் கோப்பையான ஷெஃபீல்டு ஷீல்டு ஜெயிச்சுது, அதுவும் ஃபைனல்ல குயின்ஸ்லாந்தத் தோற்கடிச்சு. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சுங்க. உங்ககிட்ட இருக்குற ஃபாஸ்ட் பௌலர் பசங்களுக்கு அந்த கேப்டவுன் கடைசி ஓவர்கள ஒரு தடவ போட்டுக் காட்டுங்க, நீங்களே கூச்சப்பட்டு அத மறைச்சு வச்சிடாதீங்க.

அன்புடன்,
உங்க ரசிகன்