கருப்பியும் செவலையும்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மூட்டு ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே அவருக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடும் வேலை மட்டும் பாக்கி. பெரியவளுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்து, தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஈற்று நாய்க்குட்டிகள் இரண்டு கிடைக்கின்றன, ஒன்றுக்கு ஒன்று துணையாக இருக்குமே, எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடு. ஆனால் அந்தத் துணையில்தான் சிக்கலே இருக்கிறது. இரண்டும் எந்நேரமும் சேர்ந்தே கிடந்தால் ஒன்றை ஒன்று பார்த்துத்தான் வளரும், உன்னைப் பார்த்து வளராது. கூப்பிட்டால் திரும்பாது. ஒன்றை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் மற்றது தெருவே கேட்கிற மாதிரி ஊளையிடும். அதனால் எங்கள் வீட்டு நாய்க்குட்டிகள் கருப்பியையும் செவலையையும் ஆரம்பத்திலிருந்தே பாதி நேரம் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். ராத்திரியில் கருப்பி கூடத்தில், செவலை பின்கட்டில். தட்டு வேறு, நடக்கப் போகும் நேரம் வேறு. மற்ற நேரத்தில் கட்டிப் புரண்டு விளையாடட்டும், அதுவும் வேண்டும். அழுத்திக் கடித்தால் மற்றது கீச்சென்று கத்திவிட்டு விலகிப் போய்விடும். எவ்வளவு கடிக்கலாம் என்பதை அப்படித்தான் கற்றுக்கொள்கின்றன.

பழக்குவதும் தனித்தனிதான். செவலையைக் கதவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, வேகவைத்த கோழித் துண்டைக் கருப்பியின் மூக்குக்கு மேலே கொஞ்சம் பின்னால் கொண்டுபோவேன். தலை நிமிரும்போது பின்பக்கம் தானாகத் தரையில் பதியும். அந்த நொடியில் ‘உட்கார்’ என்று சொல்லித் துண்டைக் கொடுத்துவிட வேண்டும். கதவுக்குப் பின்னால் செவலை முனகுவான், அவள் காது அந்தப் பக்கம் திரும்பும். ‘கருப்பி’ என்று ஒரே ஒரு தடவை மெதுவாகக் கூப்பிடுவேன். முனகலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள் பார், அதற்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் மல்லிகா.

இன்னொரு பெரிய விஷயம் தடுப்பூசி. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். ஊசிகள் முடியும் வரை தெரு மண்ணில் காலே பதியக் கூடாது. பார்வோ என்ற நோய்க்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வந்தால் வாந்தி, ரத்தப்பேதி, இரண்டு மூன்று நாளிலேயே குட்டி போய்விடும். ஆனால் அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் முடியாது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரை எதைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதைத்தான் பிறகு பயமில்லாமல் ஏற்கும். நாங்கள் தூக்கிக்கொண்டே போனோம், ஒரு நாள் ஒன்றை, மறுநாள் மற்றதை. பாடலீஸ்வரர் கோயில் பக்கம் மேளச் சத்தம், திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டின் ஹாரன், தேவனாம்பட்டினம் கடற்கரைக் கூட்டம் எல்லாவற்றையும் மடியிலிருந்தே பார்த்தார்கள். செவலை முதலில் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்புறம் ஒரு கண், பிறகு முழுத் தலையும் வெளியே வந்தது. பயந்தால் இழுத்து அருகில் கொண்டுபோகாதே. தள்ளி நின்று, அவனாகப் பார்க்கும் வரை பொறுத்திரு.

வீட்டுக்குள் ஈரம் செய்தால் சிலர் மூக்கைத் தேய்க்கச் சொல்வார்கள், நாலு அடி வைக்கச் சொல்வார்கள். கேட்காதே. அடித்தால் உன் கண்ணில் படாத இடத்தில் போகக் கற்றுக்கொள்ளுமே தவிர, வெளியே போகக் கற்றுக்கொள்ளாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கொல்லையில் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போ. போனதும் பாராட்டு. உள்ளே போன இடத்தை வினிகர் கலந்த தண்ணீரால் துடை. வாசனை இருந்தால் திரும்ப அங்கேதான் வரும்.

மீந்த சாம்பாரை மட்டும் ஊற்றிவிடாதே. வெங்காயம் நாயின் ரத்தத்தையே கெடுக்கும். திராட்சை, சாக்லேட்டும் ஆகாது. தயிர்சாதம், முட்டை, எலும்பில்லாத கோழி போதும்.

இப்போது பல் விழும் பருவம். நேற்றுக் கூட்டும்போது அரிசி அளவில் ஒரு பால்பல் கிடைத்தது. பால்பல் 28 போய் 42 நிரந்தரப் பல் வருகிறதாம். கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறார்கள். ஈரத்துணியை முறுக்கிக் குளிரவைத்துக் கொடுத்தால் ஈறு வலி குறைகிறது.

கருப்பி பெண், செவலை ஆண். உடன்பிறப்பு என்பதெல்லாம் நாய்க்குத் தெரியாது. அதனால் அவள் முதல் பருவத்துக்கு வரும் முன்பே கருத்தடை செய்ய வேண்டும், ஆறு மாதம் நெருங்கும்போது. புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம் என்றிருக்கிறோம். நீ எடுக்கப்போகும் குட்டிகளில் எது ஆண், எது பெண் என்று எழுது.

இங்கே வரும்போது ஒன்று மட்டும் செய். கேட்டைத் திறந்ததும் இரண்டும் உன் மேல் தாவும். குனியாதே, பேசாதே, புடவை கசங்கினாலும் நிமிர்ந்து நில். நான்கு காலும் தரையில் வந்த பிறகு கொஞ்சு, முதலில் கருப்பியை. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

உன் அன்புத் தோழி,
வசந்தா