எத்தன மணிக்கு பட்டுச்சு? நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் டாக்டர், மிஸ்ஸிமாருங்க எல்லாருக்கும். சண்டை போட எழுதல. செம்பனை மில்லுல ஸ்டீம் அடிச்சு எங்க அண்ணனுக்கு நெஞ்சு, வயிறு, ஒரு கை எல்லாம் வெந்துபோச்சு, காலைல 10 மணி இருக்கும், தோட்டத்து காடியில உங்ககிட்டதான் தூக்கிட்டு ஓடியாந்தோம். நீங்க ட்ரிப் போட்டு ஆம்புலன்ஸ்ல அனுப்பி பெரிய ஆஸ்பத்திரி போய் சேர 3 மணி. அங்க டாக்டர் எடுத்ததும் கேட்டது, எத்தன மணிக்கு பட்டுச்சு, எவ்ளோ தண்ணி ஏறிச்சு, எவ்ளோ யூரின் போச்சு? உங்க லெட்டர்ல ட்ரிப் போட்ட நேரம் மட்டும்தான் இருந்துச்சு.

அப்புறம் அவரே பொறுமையா சொன்னாரு. பெருசா வெந்துட்டா ரத்தக்குழாய்லேர்ந்து தண்ணி கசிஞ்சு சதைக்குள்ள போயிருமாம், ஆளு வீங்கித் தெரிவான் ஆனா ரத்தத்துல தண்ணி இருக்காது, கிட்னி அடிவாங்கிரும். அதுக்கு ட்ரிப்ல எவ்ளோ தண்ணி ஏத்தணும்ங்கிற கணக்கு என்னன்னா 4 மில்லி, பெருக்கல் எடை, பெருக்கல் உடம்புல வெந்த விழுக்காடு. (அமெரிக்காவுல பார்க்லண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் பேக்ஸ்டர் 1968ல சொன்னதாம்.) அண்ணன் 60 கிலோ, 30 விழுக்காடு, அப்ப முதல் 24 மணி நேரத்துக்கு 7200 மில்லி, 500 மில்லி போத்தல்ல 14க்கு மேல! அதுல பாதி முதல் 8 மணி நேரத்துல ஏறணும், அந்த 8 மணி நேரம் உங்க வாசல்லேர்ந்து இல்ல, ஸ்டீம் அடிச்ச 10 மணியிலேர்ந்து. 3 மணிக்கு மிச்சம் இருந்தது 3 மணி நேரம்தான்.

அதுக்குன்னு கண்ண மூடிட்டு ஊத்தவும் கூடாதாம், கூடிப்போனா நுரையீரல்ல தண்ணி கட்டும், வயிறு இறுகும். கணக்கு ஆரம்பிக்க மட்டும்தான், அப்புறம் யூரின்தான் சொல்லணும், பெரியவங்களுக்கு கிலோவுக்கு அரை மில்லி, அண்ணனுக்கு மணிக்கு 30. கம்மின்னா ட்ரிப்ப கூட்டு, ரொம்ப போனா குறை.

எங்க மேலயும் தப்பு இருக்கு, மறைக்கல. உங்க வார்டுல காத்திருந்தப்ப போத்தல்ல இருந்த யூரின நாத்தம் அடிக்குதுன்னு நானே கொண்டுபோய் கொட்டிட்டேன், அம்மா வேற தாகமா இருப்பான்னு யாருக்கும் தெரியாம 100 பிளஸ் பானத்த குடுத்துட்டாங்க. ரெண்டும் எந்தக் கணக்குலயும் ஏறல.

அதனால கேக்கறது ரெண்டே விஷயம் லா. தீக்காயம்னு வந்தா பட்ட நேரம், எடை, எத்தன விழுக்காடு, ஏறின தண்ணி, மணிக்கு மணி யூரின், இத ஒரே தாள்ல எழுதி ஆளோடயே அனுப்புங்க. இன்னொன்னு, சுவத்துல எல்லாம் மலாய்லதான் ஒட்டியிருக்கு, அம்மாவுக்கு படிக்கத் தெரியல, கட்டில் பக்கத்துல தமிழ்லயும் ஒண்ணு ஒட்டுங்க, "மிஸ்ஸிய கேக்காம எதையும் குடுக்காதீங்க, எதையும் கொட்டாதீங்க"ன்னு. எழுத ஆள் இல்லைன்னா நானே எழுதித் தர்றேன்.