இரண்டாவது கேபிள் எந்த வழியாகப் போகிறது?

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அம்மா உன்னை விசாரித்தார்கள். சின்னவளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு, வீட்டில் டிவியை மூடி வைத்தாகிவிட்டது. எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, தப்புதான். தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் செய்திக்கும் பதில் போடவில்லை. அதை நீ வாத்தியாரிடம் புகாராகச் சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. ஏன்டா, என்னையே கூப்பிட்டுத் திட்டியிருக்கலாமே!

வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். அடுத்த மாதம் சிங்கப்பூரில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நீ ஒரு ஃபயர்வால் ஜோடி, அதாவது நெட்வொர்க்கின் வாசலில் காவல் நிற்கும் பெட்டி இரண்டு, போடப்போகிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேபிளில் கை வைப்பதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு.

நான் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. பழைய கட்டடம், புதுக் கட்டடம், கேபிள் போகும் வழியில் அளந்தால் நடுவே 240 மீட்டர். பாலோ ஆல்டோ கம்பெனி ஃபயர்வால் ஜோடியில் வேலை செய்யும் ஆக்டிவ் புதுக் கட்டடத்தில், அது செத்தால் எழுந்துகொள்ளக் காத்திருக்கும் பாசிவ் பழையதில். எதிர்ப்பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் எச்ஏ-1 போர்ட்டுகள் செம்பு. 100 மீட்டருக்கு மேல் இழுக்க முடியாது என்பதால் இரண்டு பக்கமும் செம்பை ஃபைபராக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைத்து, நடுவில் ஃபைபர். எச்ஏ-1க்குச் சிவப்பு பேட்ச் கார்டு என்ற குட்டிக் கேபிள், அதன் பேக்கப்புக்கு மஞ்சள், செஷன்களை, அதாவது நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளின் விவரத்தை, நகலெடுக்கும் எச்ஏ-2க்கு நேரடி ஃபைபர். படத்தில் மூன்று கோடுகள் தனித்தனியாக இருக்கும். ரேக்கைத் திறந்தாலும் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

போன மாதம் அடைமழை வாரத்தில் ஒரு நாள் ராத்திரி 2:40க்கு போன். சி.டி. ஸ்கேன் படம் திறக்க மாட்டேன் என்கிறது, லேப் ரிப்போர்ட் ஒன்று வருகிறது, அடுத்தது வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் உள்ளே நுழையும்போது டியூட்டி டாக்டர் பெண் ஒருத்தி, தலையில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு, மழையில் பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள். தலையில் அடிபட்டு வந்த ஒருவரின் படத்தை, ஸ்கேன் அறைக்கே போய் அந்த மெஷினில் பார்ப்பதற்காக. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பழைய கட்டடத்துப் பெட்டியில் கன்சோல் கேபிளைச் செருகினேன். பாசிவ் என்று இருக்க வேண்டிய ப்ராம்ப்டில் ஆக்டிவ் என்று இருந்தது. புதுக் கட்டடத்துப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அங்கேயும் ஆக்டிவ்.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு பெட்டிக்கும் ஒரே ஐ.பி., ஒரே விர்ச்சுவல் மேக், அதாவது ஜோடிக்குப் பொதுவான போர்ட் முகவரி. ஸ்விட்ச் அந்த மேக் முகவரியை இந்தப் போர்ட்டில் கற்றுக்கொள்கிறது, அடுத்த நொடி அந்தப் போர்ட்டில். ஒரு பெட்டி வழியாகப் போன இணைப்புக்குப் பதில் மற்றப் பெட்டிக்கு வருகிறது. அதனிடம் அந்த செஷன் இல்லை, தூக்கிப் போட்டுவிடுகிறது. ஒரேயடியாகச் செத்துப்போயிருந்தால்கூட அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். பாதி வேலை செய்ததால் முக்கால் மணி நேரம் ஆளாளுக்கு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள். பழைய கட்டடத்துப் பெட்டியை சஸ்பெண்ட் செய்தேன். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

காரணம் விடிந்த பிறகுதான் தெரிந்தது. தேங்கிய தண்ணீரை வெளியேற்ற ராத்திரியோடு ராத்திரியாக பொக்லைன் வைத்துத் தோண்டியிருக்கிறார்கள். குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். கறுப்பு ஆர்மர்ட் கேபிள், 12 கோர், நடுவில் அறுந்து கிடந்தது. சேற்றைத் துடைத்துவிட்டு உறையைப் பிரித்தேன். நீலமும் ஆரஞ்சும் எச்ஏ-1. பச்சையும் பழுப்பும் அதன் பேக்கப். சாம்பலும் வெள்ளையும் எச்ஏ-2. மூன்றும் ஒரே கேபிளுக்குள், ஒரே குழாய்க்குள், கை அகலத்தில் இருந்தன மாப்ளே. அந்தச் சிவப்பும் மஞ்சளும் இரண்டு முனையிலும் ஒன்றரை மீட்டருக்கு மட்டும்தான் தனித்தனி. நடுவில் இருந்த 240 மீட்டரும் ஒன்றேதான்.

ஸ்விட்சுகளுக்கு நடுவிலான லேன் இணைப்பு மட்டும் பழைய மொட்டை மாடி வழியாக, வேறு ஃபைபரில் போகிறது. அது அறுபடவில்லை. அதனால்தான் இவ்வளவு சேதம். இரண்டு பெட்டியும் ஒரே நெட்வொர்க்கில் உயிரோடு நிற்கின்றன, ஆனால் ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியவில்லை. நொடிக்கு ஒரு ஹார்ட்பீட், அதாவது இருக்கிறாயா என்ற விசாரிப்பு, தொடர்ந்து மூன்று வரவில்லையென்றால் எதிராளி போய்விட்டான் என்று முடிவு கட்டும். பாசிவ் பெட்டி அதற்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தது, அவ்வளவுதான். மேனேஜ்மென்ட் போர்ட் வழியாகவும் ஹார்ட்பீட் அனுப்ப அதில் வசதி இருக்கிறது. ஒரே ஒரு டிக். மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கும் மொட்டை மாடி வழியாகத்தான் போகிறது. அந்த டிக் இருந்திருந்தால் அந்தப் பெண் மழையில் ஓடியிருக்க மாட்டாள்.

கேபிள் போட்ட கான்ட்ராக்டர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் சோதித்துக் கையெழுத்துப் போட்டது நான். சிவப்பைப் பிடுங்கினேன், சரி. திரும்பச் செருகிவிட்டு மஞ்சளைப் பிடுங்கினேன், சரி. பவரை அணைத்தேன், மற்றது எழுந்தது. பெட்டிகளைச் சோதித்தேனே தவிர, கேபிளின் கூடவே ஒரு தடவை நடந்து பார்க்கவில்லை. மறுநாள் நடந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய கட்டடத்தில் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியிருந்தன. கூட்டுகிற அம்மா துடைப்பம் பட்டு அந்த சுவிட்சை அணைத்திருந்தாலும் இதே கதைதான்.

தேனாம்பேட்டையில் நாம் முதலில் கட்டிய பிக்ஸ் ஃபயர்வால் ஜோடி ஞாபகம் வருகிறது. தடித்த சீரியல் கேபிள், ஒரு முனையில் பிரைமரி, மறு முனையில் செகண்டரி என்று எழுதியிருக்கும். நீ அதை முனை மாற்றிச் செருகிவிட்டு, ரிச்சி தெருவில் வாங்கிய கேபிள் என்று மீசைக்காரரிடம் அளந்தாயே, அதே கேபிள்தான்! அந்தக் கேபிளின் நீளத்துக்கு இரண்டு பெட்டியும் பக்கத்திலேயே உட்கார வேண்டும். எதிர்ப்பெட்டியில் கரண்ட் போனாலும் அந்தக் கம்பியே சொல்லிவிடும். முழு வழியும் கண் முன்னாலேயே இருந்தது. இப்போது நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி வைக்க முடிகிறது. தள்ளி வைப்பது நல்லதுதான், ஆனால் நடுவில் என்ன இருக்கிறது என்பது யாரோ வரைந்த படத்தில் மட்டும் இருக்கிறது.

இப்போது எச்ஏ-1 மண்ணுக்கடியிலேயே இருக்கிறது. பேக்கப்பை மொட்டை மாடி ஃபைபரின் காலி கோர்களுக்கு மாற்றிவிட்டேன். அந்த டிக்கையும் போட்டாயிற்று. எச்ஏ-2வைத் தொடவில்லை, அது மட்டும் அறுந்தால் செஷன் நகல் நிற்குமே தவிர இரண்டும் ஆக்டிவ் ஆகாது. கன்வெர்ட்டர்களுக்குத் தனித்தனி யு.பி.எஸ். அப்புறம் ஒரு ஞாயிறு ராத்திரி, மருத்துவமனையில் சொல்லிவிட்டு, மண்ணுக்கடியில் போகும் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடுங்கினேன். பழைய கட்டடத்துப் பெட்டி பாசிவாகவே இருந்தது. பத்து நிமிடம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னுடையது ஃபோர்டிகேட் ஃபயர்வால் என்றார் வாத்தியார். அதன் ஹார்ட்பீட் ஐ.பி. பாக்கெட் இல்லை, நடுவில் ரூட்டர் வந்தால் கடக்காது. கடைசிவரை லேயர் 2, அதாவது நடுவில் ரூட்டர் இல்லாத ஒரே நெட்வொர்க்தான் வேண்டும். ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோனால் இரண்டு ஹார்ட்பீட்டையும் வேறு வேறு ஸ்விட்சில் விடு. அதே நெட்வொர்க்கில் ஏற்கெனவே ஒரு கிளஸ்டர், அதாவது இதே மாதிரி ஒரு ஜோடி, இருந்தால் குரூப் ஐடியை மாற்று, இல்லாவிட்டால் இரண்டு கிளஸ்டருக்கும் ஒரே விர்ச்சுவல் மேக் வந்து நிற்கும். இதெல்லாம் நீ செய்துவிடுவாய், எனக்குத் தெரியும். வழியை மட்டும் படத்தில் பார்த்துத் திருப்தியடையாதே. கட்டட மேலாளரைக் கூட்டிக்கொண்டு இரண்டு கேபிளின் கூடவும் நட. எந்த ரைசர் (மாடிகளுக்கு நடுவே கேபிள் ஏறும் வழி), எந்தக் குழாய், எந்த மேன்ஹோல் என்று குறித்துக்கொள். இரண்டும் ஓர் இடத்தில் சேர்ந்தால் எனக்குப் போன் போடு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பொங்கலுக்கு நீ வருகிறாயா என்று கேட்டார். டிக்கெட் போட்டாயா? மறக்காமல் பதில் எழுது, இரண்டாவது கேபிள் எந்த வழியாகப் போகிறது என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
உன் மாப்ளே