கொசு வேறு, நுளம்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் உங்கள் பெண்கள் பகுதியில் வந்த 'வீட்டுக் கொசுவை விரட்ட' குறிப்பை நம்பி இரண்டு நாள் வேப்பிலைப் புகை போட்டேன். கொசு போகவில்லை, மாமிக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். "இதென்ன புள்ள, புகைக்குள்ளயும் கூத்தாடுது" என்று அவ சிரித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அது தமிழ்நாட்டுக் 'கொசு'வுக்கு எழுதிய குறிப்பு. அங்கே கொசு என்றால் நமது நுளம்பு. நாம் கொசு என்பது கதலிக்குலையில் மொய்க்கும் கடுகளவுப் பூச்சியை. இரவல் குறிப்புப் போடும்போது இந்த ஒரு சொல்லையாவது கவனியுங்கள்.

நுளம்புத்திரியும் ஸ்பிரேயும் பறக்கிறதைத்தான் கொல்லும். புழு இருந்த இடத்திலேயே இருக்கும். நமது வெக்கைக்குப் பழக்கொசு முட்டை பத்து நாளளவில் பறக்கிற கொசுவாகிவிடும். பழங்களை மூடிவைத்து, குப்பை வாளியைத் தினமும் கழுவி, ஒரு கிளாஸில் கொஞ்சம் வினாகிரியும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு வைத்தேன். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் கொசு மேலே நின்று குடித்துவிட்டுப் போய்விடும், இருந்தால் தாழும். நாலாம் நாள் குசினி தெளிந்தது.

குளியலறைச் சுவரில் இருந்தவை மட்டும் அசையவில்லை. சாம்பல் நிறம், மயிர் அடர்ந்த சிறகு, விரலால் தொட்டால் தூளாகும். இவை பழத்துக்கு வருகிறவை அல்ல. இரவில் தண்ணீர் போகும் வாயில் ஒட்டும் டேப்பைக் குறுக்காக ஒட்டிவிட்டேன், காற்றுக்கு இடைவெளி விட்டு. விடியப் பார்த்தால் அடிப்பக்கத்தில் ஏழு ஒட்டிக் கிடந்தன. கொதிநீர் ஊற்றினேன், இரண்டு நாளில் திரும்பவும் வந்தன. பிறகு போத்தல் கழுவும் பிரஷை உள்ளே விட்டு உரஞ்சினேன். கறுத்த களி போல வழுவழுவென்று வந்தது, அதற்குள் நூல் நூலாகப் புழு. அந்தக் களிதான் அவற்றின் சோறு, தொட்டில் எல்லாம். ஒரு கிழமை தினமும் உரஞ்சியதில் சுவர் வெளுத்தது.

இனி மாரி தொடங்கினால் பூச்சாடிக் கொசு வரும். அதன் புழு ஈரமண்ணின் மேற்பரப்பில் இருப்பதால், மேல்மண் ஓரங்குலம் காயும்வரை தண்ணீர் விடாமல் இருந்தாலே போதும். ஆனால் மாமி காலையும் மாலையும் ஊற்றுகிறவ. இந்தக் கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
கல்லடி வாசகி,
மட்டக்களப்பு